கிசான் தவணை பெயரில் வரும் தூண்டில்

காய்ப்புழுவுக்காக வயலில் இனக்கவர்ச்சிப் பொறி கட்டுகிறோம். அந்தப் பொறிக்குள் தீனி எதுவும் கிடையாது. பெண் அந்துப்பூச்சியின் மணத்தைப் போலச் செய்த மருந்து தடவிய ஒரு சிறு குப்பி மட்டுமே தொங்குகிறது. ஆண் பூச்சி எந்த மணத்தைத் தேடி இரவெல்லாம் அலைகிறதோ அதே மணம் என்பதால் அது தானாகவே வந்து விழுகிறது. செல்போனுக்கும் ஈ-மெயிலுக்கும் வருகிற மோசடிக் கடிதங்களும் இந்தக் கணக்கில்தான் செய்யப்படுகின்றன. நாம் எதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோமோ அதன் வாடையை அவற்றில் தடவி அனுப்புகிறார்கள்.

இந்த மோசடிக்கு ஆங்கிலத்தில் 'ஃபிஷிங்' என்று பெயர். மீன் பிடித்தல் என்ற சொல்லையே எழுத்தை மாற்றி எழுதியது. 1990-களின் நடுவில் அமெரிக்காவில் ஏ.ஓ.எல். என்ற இணைய நிறுவனத்தின் சந்தாதாரர்களிடம், நிறுவனத்தின் ஆட்களைப் போல நடித்து, "உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், பாஸ்வேர்டைத் தெரிவியுங்கள்" என்று கேட்டு வாங்கியதிலிருந்து இந்தப் பெயர் வழங்கி வருகிறது. அமெரிக்காவில் தொடங்கிய அந்தத் தூண்டில் இன்று செக்கானூரணி வரைக்கும் வந்துவிட்டது. மீன் மாறியதால் புழுவையும் மாற்றிக் கோத்திருக்கிறார்கள்.

விவசாயிகளுக்கென்று கோக்கப்படும் புழு பெரும்பாலும் கிசான் தவணைதான். பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதங்களுக்கு ஒருமுறை 2,000 ரூபாயாக வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. 21-வது தவணை 2025 நவம்பர் 19 அன்று நம் கோயம்புத்தூரில் நடந்த விழாவில் விடுவிக்கப்பட்டது. நாடு முழுவதும் சுமார் 9 கோடி விவசாயிகள் பெறுகிற பணம் இது. இன்னார் விவசாயி என்று தெரியாமலே கண்மூடித்தனமாக ஆயிரம் பேருக்குச் செய்தி அனுப்பினாலும், அதில் கிசான் தவணையை எதிர்பார்த்திருப்பவர்கள் பலர் இருப்பார்கள். மோசடிக்காரனுக்கு அது போதும். கே.ஒய்.சி. முடிக்காதவர்களுக்குத் தவணை நின்றுவிடும் என்பது உண்மையாகவும் இருப்பதால், பொய்ச் செய்திக்கு உண்மையின் சாயல் எளிதில் வந்துவிடுகிறது.

என் மச்சானுக்கு நேர்ந்தது

என் மச்சான் செக்கானூரணிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கிறார். மதுரை மல்லிக்கு நவம்பர் கடைசியில் கவாத்து. கூலிக்கும் தொழு உரத்திற்கும் என்று வங்கியில் 23 ஆயிரம் ரூபாய் விட்டு வைத்திருந்தார். தவணை வரும் வாரத்தில் ஒருநாள் மாலை அவருடைய வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. 'உங்கள் கிசான் தவணை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இன்று இரவு 12 மணிக்குள் கே.ஒய்.சி. முடிக்காவிட்டால் பெயர் நீக்கப்படும்' என்று அதில் எழுதி, கீழே ஒரு கோப்பையும் வைத்திருந்தார்கள். அதைத் தொட்டதும் பி.எம். கிசான் என்ற பெயரில், முத்திரையெல்லாம் போட்டு, ஒரு செயலி போனில் ஏறிக்கொண்டது. குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி வேண்டும் என்று கேட்டது, கொடுத்தார். ஆதார் எண், கணக்கு எண், ஏ.டி.எம். அட்டையின் எண் எல்லாம் கேட்டது, மகனை உட்கார வைத்து நிரப்பினார். 'நன்றி, 24 மணி நேரத்தில் பணம் வரும்' என்று திரையில் வந்தது. காலையில் பார்த்தால் கணக்கில் 312 ரூபாய் இருந்தது.

"ஓ.டி.பி.யை நான் யாருக்கும் சொல்லவே இல்லையே மாப்ள" என்றார். உண்மைதான், அவர் சொல்லவில்லை. குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி பெற்ற செயலி, வங்கியிலிருந்து வந்த எண்ணைத் தானே எடுத்து வேறு இடத்திற்கு அனுப்பிவிட்டது. 'ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று எல்லாரும் எச்சரிக்கிறார்கள். சொல்லாமலேயே போகும் வழி ஒன்று இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்வது குறைவு.

அடுத்து அவர் கேட்டதுதான் மனதை வருத்தியது. "நம்ம ஊரு அண்ணன் போன்ல இருந்துதானே வந்துச்சு. அவரா என்னைய ஏமாத்துவாரு?" அந்த அண்ணன் ஏமாற்றவில்லை. அவரும் முதல் நாள் அதே கோப்பைத் தொட்டவர். இத்தகைய செயலிகளில் சில, ஒரு போனுக்குள் புகுந்தவுடன் அதில் பதிந்திருக்கும் நண்பர், உறவினர் எல்லாருக்கும் தன்னையே பிரதி எடுத்து அனுப்பிவிடும். வாழையில் முடிக்கொத்து நோய் பரவுவது போல. கன்று கொடுத்தவர் நல்லவரா என்பதைப் பார்த்துப் பயனில்லை, கன்றில் நோய் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தது என்பது ஒரு சான்றே அல்ல. அனுப்பியவருக்கு ஒருமுறை போன் போட்டு "அண்ணே, இது நீங்கள் அனுப்பியதா?" என்று கேட்டிருந்தால் இரண்டு பேருக்குமே விஷயம் தெரிந்திருக்கும்.

'என்னிடம் ஈ-மெயில் இல்லையே'

ஈ-மெயில் மோசடி பற்றிப் பேச்செடுத்தால் விவசாயிகள் பலர் இப்படிச் சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். உங்களிடம் ஈ-மெயில் இருக்கிறது. பெரும்பாலும் உங்களுக்குத்தான் அது தெரியாது.

ஆண்ட்ராய்டு போன் எதை வாங்கினாலும், செயலிகளை இறக்கிக்கொள்ள கூகுள் கணக்கு ஒன்று வேண்டும். அந்தக் கணக்கு என்பது ஒரு ஈ-மெயில் முகவரிதான். காளவாசலில் தேனி பஸ்ஸுக்குக் காத்திருந்த அரை மணி நேரத்தில் நானும் அப்படித்தான் ஒரு போன் வாங்கினேன். (காளவாசல் என்றால் செங்கல், சுண்ணாம்பு சுடும் சூளை என்று பொருள். இப்போது அங்கே சூளையும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மேம்பாலமும் கடைகளும்தான்.) கடைப் பையன் என் பெயரோடு ஏதோ எண்ணைச் சேர்த்து முகவரி உண்டாக்கி, அவனுக்கு வசதியான ஒரு பாஸ்வேர்டையும் போட்டு, "எல்லாம் ரெடி சார்" என்று கையில் கொடுத்தான். மூன்று ஆண்டுகள் அந்த பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது. அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கலாம். அவன் நல்ல பையன், தவறு என்னுடையது. வீட்டைக் கட்டிக்கொடுத்த கொத்தனாரிடமே சாவியை விட்டுவிட்டு வந்த கதை.

அந்த முகவரிக்குள் என்ன இருக்கிறது என்று பின்னால்தான் பார்த்தேன். போனில் எடுத்த பட்டா, சிட்டா, பாஸ் புத்தகப் படங்கள் சேமிப்பில் ஏறியிருந்தன. ஊரார் எல்லாருடைய எண்களும் இருந்தன. படிக்காத கடிதங்கள் 400-க்கு மேல். அவற்றில் வங்கி அனுப்பியவையும் உண்டு, வங்கியைப் போல வேஷம் போட்டவையும் உண்டு. ஆகவே போன் வாங்கிக் கொடுத்தவர் யாராக இருந்தாலும், வீட்டில் படித்த பிள்ளையை வைத்து அந்த பாஸ்வேர்டை முதலில் மாற்றிவிட வேண்டும். 'இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு' என்ற வசதி உண்டு, அதையும் போட்டுக்கொள்வது நல்லது. பாஸ்வேர்ட் வெளியே தெரிந்துபோனாலும், உங்கள் போனின் சம்மதமின்றி வேறு இடத்தில் கணக்கைத் திறப்பது அப்போது கடினமாகிவிடும்.

பஸ் பலகையும் கடிதத்தின் முகவரியும்

போலிக் கடிதத்தை அதன் தமிழைக் கொண்டோ முத்திரையைக் கொண்டோ கண்டுபிடிக்க முடியும் என்ற காலம் போய்விட்டது. முன்பு எழுத்துப் பிழையும் உடைந்த தமிழும் காட்டிக்கொடுக்கும். இப்போது கணினியே பிழையில்லாமல் எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஈ-மெயிலில் 'அனுப்புநர்' என்று தெரிகிற பெயரையும் நம்புவதற்கில்லை. யார் வேண்டுமானாலும் 'ரிசர்வ் வங்கி' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பெயரின் மேல் விரலை வைத்தால் அதன் அடியிலிருக்கும் முகவரி தெரியும். பார்க்க வேண்டியது அதை.

முகவரியை எப்படிப் படிப்பது? காளவாசலில் நிற்கும் பஸ்ஸின் பலகையில் 'செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி' என்று எழுதியிருந்தால் அந்த பஸ் தேனி பஸ். வழியில் எத்தனை ஊர் இருந்தாலும் கடைசி ஊர்தான் கணக்கு. இணைய முகவரியும் அப்படியே. முதல் சாய்கோடு வருவதற்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். இந்திய அரசின் தளங்கள் ஜி, ஓ, வி என்ற எழுத்துகள், ஒரு புள்ளி, பிறகு ஐ, என் என்று முடியும். கிசான் திட்டத்தின் தளம் பிஎம்கிசான் என்று தொடங்கி இப்படித்தான் முடிகிறது. மோசடிக்காரன் பிஎம்கிசான் என்பதையும் கவ் என்பதையும் முகவரியின் நடுவில் செருகி, முடிவில் வேறு எதையாவது வைத்திருப்பான். பலகையில் உசிலம்பட்டி இருக்கிறதே என்று ஏறி உட்கார்ந்தால் அவன் கொண்டுபோய் இறக்குகிற இடம் வேறு.

வங்கிகளுக்கும் இப்படி ஒரு வால் வந்திருக்கிறது. பி, ஏ, என், கே, புள்ளி, ஐ, என் என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாறிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. இந்த முடிவை வங்கிகள் மட்டுமே பெற முடியும். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயர் ஒரு சிறு கோட்டுக்குப் பின் 'ஜி' என்ற ஆங்கில எழுத்தில் முடிந்தால் அது அரசு அனுப்பியது. 2025-ல் இந்த முறை வந்தது. சாதாரண பத்து இலக்க செல் எண்ணிலிருந்து எந்த அமைச்சகமும் தவணை பற்றி உங்களுக்கு எழுதாது.

ஆனால் நீல அட்டையையே அச்சடித்து ஒட்டுகிறவர்களும் உண்டல்லவா? கடிதத்தில் கண்ணுக்குத் தெரிகிற முகவரி ஒன்றாகவும், தொட்டால் போகிற இடம் வேறாகவும் அமைக்க முடியும். எனவே முகவரி சரியாகத் தெரிந்தாலும் கடிதத்திலிருந்தபடியே தொடாமல், நாமே தனியாக எழுத்துக் கூட்டித் தட்டிப் போவதுதான் பாதுகாப்பு. செயலி வேண்டுமென்றால் பிளே ஸ்டோரில் தேடி எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கோப்பாக வருகிற எந்தச் செயலியையும், அது கிசான், வங்கி, மின்வாரியம், ஏன், கல்யாணப் பத்திரிகை என்று வந்தாலும், ஏற்ற வேண்டாம்.

கே.ஒய்.சி. உண்மையாகவே பாக்கி இருந்தால் அதை முடிக்க மூன்று வழிகள் உண்டு. கிசான் தளத்தில் ஓ.டி.பி. மூலம் செய்யலாம், பொதுச் சேவை மையத்தில் விரல் ரேகை வைத்துச் செய்யலாம், பிளே ஸ்டோரிலிருந்து எடுத்த கிசான் செயலியில் முகத்தைக் காட்டிச் செய்யலாம். இரவு 12 மணிக்குள் என்ற அவசரம் எதிலும் இல்லை. அவசரப்படுத்துகிற கடிதம் என்றாலே கொஞ்சம் தள்ளி வைத்து, மறுநாள் பகலில் உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டிக் கேட்கலாம். அதற்குள் எந்தத் தவணையும் பறந்துவிடாது.

2020-ல் நடந்தது

பாஸ்வேர்ட் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2020-ல் கொரோனா ஊரடங்குக் காலத்தில் தமிழ்நாட்டில் கிசான் திட்டத்தில் 5 இலட்சத்திற்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் பட்டுவாடா ஆனது ஆகஸ்டில் வெளிச்சத்திற்கு வந்தது. வேளாண்மைத் துறை அலுவலர்களின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ஒப்பந்த ஊழியர்கள், தரகர்கள் கைக்குப் போய், அவற்றைக் கொண்டு பெயர்கள் ஏற்றப்பட்டிருந்தன. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, கைதுகள் நடந்தன. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் இது பெரிதாகப் பேசப்பட்டது.

இதில் சிறு ஜனங்கள் பட்டபாடு தனி. 'கொரோனா நிவாரணம்' என்று சொல்லி ஆதாரையும் பாஸ் புத்தகத்தையும் வாங்கிப் போனவர்களிடம் நம்பிக் கொடுத்தவர்கள் ஏராளம். தரகர்களுக்குக் கமிஷன் போனது. பிறகு அரசு பணத்தைத் திரும்ப எடுத்தபோது கை வைத்தது அந்த ஏழைகளின் கணக்கில்தான். ஆதார் நகல்தானே, பாஸ் புத்தக நகல்தானே என்று அலட்சியமாகக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சோலார் பம்பு ஆசை

இன்னொரு புழு சூரிய சக்தி பம்பு செட். மத்திய அரசின் பி.எம். குசும் திட்டம் 2019-ல் வந்தது. வந்த சூட்டிலேயே அதே பெயரில் போலி இணைய தளங்களும் முளைத்தன. பதிவுக் கட்டணம் என்று பணமும் வாங்கினார்கள், விவரங்களையும் வாங்கினார்கள். புதுப்பிக்கவல்ல எரிசக்தி அமைச்சகம் 2019-லும் 2020-லும் அந்தத் தளங்களின் பெயர்களையே குறிப்பிட்டு, பணம் கட்டாதீர்கள் என்று பகிரங்கமாக எச்சரித்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் மின் இணைப்புக்கு ஆண்டுக் கணக்கில் காத்திருப்பவரிடம் 'ஐயாயிரம் கட்டினால் உங்கள் பெயர் முன்னுரிமைப் பட்டியலில்' என்று கடிதம் வந்தால் கை தானாக நீளும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. நம் மாநிலத்தில் இந்தத் திட்டத்தை நடத்துவது வேளாண்மைப் பொறியியல் துறை. கோட்டத்து உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்தத் தளத்திலும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

மாடு, ஆடு, பழைய டிராக்டர் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்' என்று எவராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் எண் போட்டால் நம் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம்.

விழுந்துவிட்டால்

பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். நாடு முழுவதற்கும் சைபர் மோசடிப் புகாருக்கான எண் அது. திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று மடை மாற்றி மடை மாற்றி ஓடுகிறது. கடைசி மடையைத் தாண்டி ரொக்கமாக வெளியே எடுக்கும் முன்பு அடைத்தால் கொஞ்சமாவது தேங்கும். புகார் பதிவானதும் எந்த வங்கியில் பணம் நிற்கிறதோ அங்கே முடக்கச் சொல்லித் தகவல் போகும். என் மச்சான் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்து, மறுநாள் மதியம்தான் பேசினார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு கவாத்துக் கூலிக்கு அக்காவின் தோடு அடகுக்குப் போனது.

1930-ல் பேசிய கையோடு வங்கிக்கும் தெரிவித்து அட்டையையும் கணக்கையும் முடக்கச் சொல்ல வேண்டும். போனில் இணையத்தை அணைத்துவிட வேண்டும். அந்தச் செயலியை நீக்கிய பிறகு, வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும். செயலியை அழிக்கும் முன், வந்த செய்தியையும் அனுப்பிய எண்ணையும் இன்னொரு போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் கேட்பார்கள். மதுரை மாநகரத்திற்கும் மாவட்டத்திற்கும் தனித்தனியே சைபர் குற்றக் காவல் நிலையங்கள் உள்ளன.

வங்கிக்குச் சொன்ன நேரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது மிக முக்கியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே ரகசிய எண்ணைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் போன பணத்திற்கு அவரே பொறுப்பு. தெரிவித்த பிறகு போகும் பணத்திற்கு வங்கி பொறுப்பு. வாடிக்கையாளர் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ ஏற்பட்ட ஓட்டையால் பணம் போயிருந்தால், வங்கியிலிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு நஷ்டமே இல்லை என்றும் அதில் கூறப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இப்படி ஒரு சுற்றறிக்கை போனது. எந்த வகையானாலும் நாள் கடத்துவது நமக்குத்தான் நஷ்டம்.

தவணை, மானியம், பயிர்க் காப்பீடு பற்றி வரும் செய்தி உண்மையா என்பதை உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடமோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கேட்கலாம். கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம்.